மாடியை விட்டுக்கொடுத்தவள்

கலவரத்தில் எல்லாருக்கும் நஷ்டம், கண்ணாடிக்காரருக்கு மட்டும் வியாபாரம் என்று இரண்டு தெருவிலும் கேலி பேசுவார்கள். அவரும் மறுக்க மாட்டார். பழைய தெருவும் புதுத் தெருவும் கல்லெறிந்துகொண்ட அந்த வாரத்தில் உடையாத ஜன்னலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சண்டை எதில் ஆரம்பித்தது என்று இன்றைக்குக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். குழாயடியில் என்பார் ஒருவர், பந்து விளையாட்டில் என்பார் இன்னொருவர். ஒரு தெருக்காரர் அடுத்த தெருவில் காலை வைக்க முடியாத அந்த நாட்களில், கையில் அளவு நாடாவும் காதில் பென்சிலுமாக இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வந்த ஒரே ஆள் அவர்தான். பழைய தெருக்காரர்தான் என்றாலும், மழைக்காலம் நெருங்கும்போது ஜன்னலை அடைக்க வருகிறவரிடம் போய் யார் எந்தத் தெரு என்று கேட்பார்கள்?

அளவெடுக்கிறவர் வீட்டுக்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அந்த முதுகிடம் ஜனங்கள் மனம்விட்டுப் பேசினார்கள். எதிர் வீட்டுக்காரன் செய்தது, தாங்கள் திருப்பிச் செய்தது, செய்திருக்கக் கூடாது என்று பிற்பாடு தோன்றியது, எல்லாம் அவர் காதில் விழுந்தது. “சரிங்க, சரிங்க” என்று அவர் பாட்டுக்கு நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். இரண்டு தெருவின் படுக்கையறை ஜன்னலும் தெரிந்த மனுஷன் என்பதால், சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தைக் குழு ஒன்று வைக்கலாம் என்ற யோசனை வந்தபோது பழைய தெருவின் சார்பில் அவர் பேர்தான் முதலில் வந்தது. புதுத் தெருவிலிருந்து கண்டக்டரம்மா வந்தார். பணி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நெரிசலில் கத்திக் கத்திப் பழகிய குரல். அந்த அம்மா ரகசியம் சொன்னால் கூட மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்.

குழுவுக்கு நீளமான ஒரு பேர் உண்டு. யாருக்கும் அது வாயில் நுழையாததால் ‘பெஞ்சு’ என்றே ஆகிவிட்டது. இரண்டு தெருவும் சேரும் முனையில் நூலகம் இருக்கிறது. அதன் பின்பக்கம் பழைய செய்தித்தாள் அடுக்கும் அறையில் ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, தலைமாட்டில் நடுநாயகமாக இரண்டு நாற்காலி. நாற்காலியில் இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சண்டை போட்டவர்களே வழி சொல்ல வேண்டும், சொன்னதை அவர்களே காப்பாற்ற வேண்டும். இவ்வளவுதான் சட்டம். இதை வைத்துக்கொண்டு சாக்கடை, சுவர், நாய், ஒலிபெருக்கி, முறைத்த பார்வை என்று எத்தனையோ விவகாரங்களைத் தெருச் சண்டையாக வளரும் முன்பே கிள்ளிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கலவரத்துக்குப் பிறகு இன்னொரு கலவரம் வரவில்லை. இதில் பெஞ்சுக்குப் பங்கில்லை என்று சொல்கிறவன் அந்தத் தெருக்களில் குடியிருந்து பார்க்கட்டும்.

புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் கண்ணாடிக்காரர் முதலில் தண்ணீர் கொடுப்பார். குடித்து முடித்ததும் ஒரு கதை சொல்வார். எல்லாருக்கும் அதே கதைதான்.

“எனக்கு ஒரே தங்கச்சி. சலவைக் கடை வெச்சிருக்கா. லாட்ஜு, ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் வெளுத்து மாடியில காயப்போடுவா. பக்கத்துல புதுத் தெருக்காரர் ஒருத்தர் பேக்கரி போட்டார். புகை நேரா இவ மாடிக்கு. ரெண்டு பேரும் இதே மேஜைக்கு வந்தாங்க. கூடப் பிறந்தவளாச்சேன்னு நான் பார்க்கல. கடைசியில யார் விட்டுக்கொடுத்தா தெரியுமா? என் தங்கச்சிதான். இனிமே மாடியில காயப்போடலைன்னுட்டா. அதனால, இங்க யாரும் யாருக்கும் வேண்டியவங்க இல்லீங்க.”

இந்தக் கதைக்கு நல்ல பலன் இருந்தது. சொந்தத் தங்கச்சியையே பார்க்காத மனுஷன் என்று தெரிந்ததும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் தோள் கொஞ்சம் இறங்கும். கண்டக்டரம்மா மட்டும் அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கேட்ட கதைதானே, சலிப்பாக இருக்கும் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொள்வார்.

அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பஞ்சாயத்துக்குப் பிறகு தங்கச்சி அவர் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. வாரம் தவறாமல் வந்து அண்ணி சமையலுக்கு நொட்டை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை போட்டுச் சாப்பிடுகிறவள் அவள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அண்ணன் வீடுதான் அவளுக்குப் போக்கிடம். வராமல் போனதும் கோபம் தணியட்டும் என்று இவர் காத்திருந்தார். பிறகு காத்திருப்பதே பழகிவிட்டது. வழியில் எதிர்ப்பட்டால் அவள் நின்று, “சௌக்கியம்தானே?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நடந்துவிடுவாள். அந்த மரியாதையைத்தான் இவரால் பொறுக்க முடியாது. திட்டியிருந்தால் கூடத் தேவலாம்.

மனைவி ஒருநாள் கேட்டே விட்டாள். “ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்து வைக்கிறீங்க. போய் அவகிட்ட ஒரு வார்த்தை பேசினா என்ன?”

“அதாவது, உனக்கு அவ வராதது வருத்தமா இருக்கு, நான் பேசணும்னு நீ எதிர்பார்க்கிறே, அப்படித்தானே?”

“பெஞ்சுல பேசுற மாதிரி என்கிட்ட பேசாதீங்க” என்று அவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். பத்து வீட்டுச் சண்டையைத் தீர்க்கிற மனுஷனோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. ஒரு சண்டைகூட நிம்மதியாகப் போட முடியாது.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் மதியம் கண்டக்டரம்மா கடைக்கு வந்தார். கண்ணாடிக்காரர் அலமாரிக் கதவு ஒன்றுக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குச் சாயங்காலம் பெஞ்சுக்கு வரணும்.”

“நான் வராம யாரு?”

“நாற்காலிக்கு இல்ல. பெஞ்சுக்கு. உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. உங்க தங்கச்சி குடுத்திருக்காங்க.”

வேறு யாராவது இந்தக் கதையைச் சொன்னால் இந்த இடத்தில் கண்ணாடியில் விரிசல் விட வைப்பார்கள். கை பழகிய வேலை. கோடு நேராகத்தான் விழுந்தது. ஆனால் அறுத்த துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பயந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பெஞ்சின் மேலேயே புகார் என்றால் தெருவில் என்ன பேசுவார்கள், புதுத் தெருக்காரன் ஒருவன் இனி நம்பி வருவானா என்று ஒரு பக்கம். தங்கச்சியை ஒரு மேஜைக்கு எதிரில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டுமே என்று இன்னொரு பக்கம்.

மறுநாள் போனார். தலைமாட்டில் கண்டக்டரம்மா மட்டும். பக்கத்து நாற்காலி காலி. தங்கச்சி ஏற்கெனவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துப் போன விரல்களை மேஜைமேல் கோத்து வைத்திருந்தாள். வாசல் ஓரமாக, முழங்கை வரை மாவோடு, பேக்கரிக்காரர். அவரை வரச் சொன்னதும் தங்கச்சிதானாம்.

கண்டக்டரம்மா தண்ணீர் டம்ளரை நகர்த்தினார்.

“எனக்கு வேண்டாம். இது எதுக்குன்னு எனக்குத் தெரியும்” என்றார் கண்ணாடிக்காரர்.

“தெரிஞ்சா நல்லது. குடிங்க.”

எல்லா வித்தையும் தெரிந்த ஆளை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து நடத்துவது எவ்வளவு தொல்லை என்று கண்டக்டரம்மா பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறார். அவர் மெதுவான குரலில் பேச முயன்றால், இது கோபத்தைத் தணிக்க என்று இவர் தலையாட்டுவார். “உங்க பக்கத்தைச் சொல்லுங்க” என்றால், “எதிர் பக்கம் முதல்ல பேசட்டும், புகார் குடுத்தவங்கதானே முதல்ல பேசணும்” என்று முறை சொல்லிக் கொடுப்பார். கடைசியில் கண்டக்டரம்மா பஸ் குரலையே எடுத்துவிட்டார். “கண்ணாடிக்காரரே, நீங்க இன்னைக்குப் பயணி. டிக்கெட் கிழிக்கிற வேலையை என்கிட்ட விடுங்க.” நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் தண்ணீரைக் குடித்தார்.

தங்கச்சி கண்டக்டரம்மாவைப் பார்த்தே பேசினாள்.

“போன வாரம் லாட்ஜோட புது மேனேஜர் கடைக்கு வந்தாரும்மா. துணி போட வந்தவர் என்னைப் பார்த்துச் சிரிச்சார். ‘நீங்கதானா அந்தத் தங்கச்சி? உங்க கதையைச் சொல்லித்தான் எங்க வண்டி நிறுத்துற தகராறை உங்க அண்ணன் முடிச்சு வெச்சார்’னு சொன்னார். என்ன கதைன்னு கேட்டேன். சொன்னார். நல்லா ரசிச்சுச் சொன்னார். அப்பதான் தெரிஞ்சுது, இவர் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் என்னை வெச்சுத்தான் பொழைப்பு நடத்துறார்னு.”

கண்ணாடிக்காரருக்குக் காது சுட்டது. “பொழைப்பா? அந்தக் கதையாலதாம்மா புதுத் தெருக்காரங்க நம்பி வர்றாங்க. அதை நீ புரிஞ்சுக்கணும். ரெண்டு தெருவும் அடிச்சுக்காம இருக்குதுன்னா...”

“அவங்க முடிக்கட்டும்” என்றார் கண்டக்டரம்மா.

“முடிச்சுட்டேன்மா. அவர் சொன்னது நிஜமான்னு இவரைக் கேளுங்க. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்” என்று தங்கச்சி பேக்கரிக்காரர் பக்கம் கையைக் காட்டினாள்.

பேக்கரிக்காரர் கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்து உருட்டிக்கொண்டே கொஞ்சம் தயங்கினார். நல்ல மனுஷன், யார் மனசும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். அப்படிப்பட்டவர்கள் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தத் தெரியாது.

“பெஞ்சுக்கு நம்பித்தான் வர்றோம் அண்ணே, வாஸ்தவம். ஆனா அந்தக் கதையால இல்ல. எங்க விவகாரம் நடந்த அன்னைக்கு வெளியில நின்ன எங்க ஆளுங்க என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமா? கூடப் பிறந்தவளுக்கே இதைச் செய்றவர் நமக்கு என்ன செய்யமாட்டார்னு பேசிக்கிட்டாங்க.”

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

“இந்த அக்காவாலதான். மறுநாள் விடிஞ்சதும் கொடிக்கயிறை அவுத்துட்டாங்க. அப்போலேர்ந்து ஈரத் துணியைக் கூடையில தூக்கிக்கிட்டு பஸ் டிப்போவுக்குப் பின்னால இருக்கிற மைதானத்துக்குப் போறாங்க. நடுவுல படிக்கட்டுச் சந்து, வண்டியும் போகாது. எங்க தெருவைத் தாண்டித்தான் போகணும். வெயிலு, மழை மூட்டம்னு எல்லாம் பார்த்தாச்சு, ஒரு நாள்கூட ஒரு வார்த்தை முணுமுணுத்தது இல்ல. எங்க பொம்பளைங்க வாசல்ல நின்னு பார்ப்பாங்க. ஒத்துக்கிட்ட பேச்சை இப்படிக் காப்பாத்துறவங்க இருக்கிற தெருவோட பேசிப் பார்க்கலாம்னு எங்க அம்மாதான் முதல்ல சொன்னாங்க. அடுத்த மாசமே எங்க அம்மா சாக்கடைத் தகராறோட இங்க வந்தாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.”

கண்ணாடிக்காரருக்கு ஞாபகம் இருந்தது. புதுத் தெருவிலிருந்து தாமாக வந்த முதல் வழக்கு. தன் நியாயத்துக்குக் கிடைத்த வெற்றி என்று அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

“இன்னொண்ணும் சொல்லிடுறேன்” என்றார் பேக்கரிக்காரர். “புகைபோக்கியை இன்னும் ஒரு ஆள் உயரம் தூக்கிக் கட்டியிருக்கலாம். அன்னைக்கு முதல்ல சுவர் தாங்காதுன்னு சொன்னேன், சொன்னது நிஜம்தான். சுவர் ஓரமா தனியா ஒரு தூண் எழுப்பலாமான்னு ஒரு தடவை கேட்டிருந்தீங்கன்னா சரின்னிருப்பேன். நீங்க கேக்கவே இல்ல. உடனே அக்கா பக்கம் திரும்பிட்டீங்க.”

“நீங்க அப்புறமாவது கட்டியிருக்கலாமே?”

“பெஞ்சுல முடிஞ்சு போனதை நான் போய்க் கிளறினா மறுபடி ரெண்டு தெருவும் கிளம்பிடுமோன்னு பயம் அண்ணே.”

அறையில் பேச்சு நின்றது. இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது, மௌனத்தை அதன் போக்கில் விட வேண்டும், தாங்க முடியாதவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று கண்டக்டரம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே கண்ணாடிக்காரர்தான். அந்த அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தார். இது என்ன வித்தை என்று தெரிந்தும் இவரால் தாங்க முடியவில்லை.

“பயந்துட்டேன்” என்றார். அது பெஞ்சுக் குரல் இல்லை. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு அம்மா முன்னால் நின்ற குரல். “வெளியில அவ்வளவு பேர் நிக்கிறாங்க. உன் பக்கம் நியாயம்னு எனக்குத் தெரியும். அதைச் சொன்னா, தங்கச்சிக்காகச் சொன்னான்னு பேர் வரும், பெஞ்சு அன்னைக்கே மூடிடும். அதான் உன்னைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவேன்னு தெரிஞ்சுதான் பார்த்தேன். அது மட்டும் இல்ல. நியாயஸ்தன்னு நாலு பேர் சொல்லணும்னு ஆசையும் இருந்துது.”

தங்கச்சி முதல் முறையாகத் திரும்பினாள்.

“பெஞ்சுக்கு வேணும், விட்டுக்கொடுன்னு அதுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து என்கிட்ட தனியா கேட்டிருந்தா, நானே குடுத்திருப்பேன். நம்ம ஜன்னலும்தானே உடைஞ்சுது. எனக்கு மட்டும் சண்டை ஓயணும்னு இருக்காதா? நீ கேக்கல. அத்தனை பேர் முன்னால எடுத்துக்கிட்டே. எடுத்துக்கிட்டு, நான் குடுத்ததை உன் பெருமையா ஊரெல்லாம் சொல்றே.”

 கண்ணாடிக்காரர் கண்கள் கலங்கியதை மறைக்கவில்லை. எத்தனை பேரை அந்த பெஞ்சில் அழ வைத்துப் பார்த்திருக்கிறார். அழுத பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர்கள் தவித்தது இப்போதுதான் புரிந்தது.

“என்ன வேணும்னு சொல்லுங்க” என்றார் கண்டக்டரம்மா.

“இனிமே அந்தக் கதையை அவர் சொல்லக் கூடாது.”

“சொல்லமாட்டேன்” என்றார் அவர்.

“புகைபோக்கி விஷயம் அவர் இஷ்டம்” என்று பேக்கரிக்காரரைக் காட்டினாள். அவர் கொத்தனாரிடம் அன்றைக்கே பேசுவதாகச் சொன்னார். “கட்டி முடிக்கிற வரைக்கும் கூடையை அண்ணன் தூக்கட்டும். அது எவ்வளவு கனம்னு தெரியாமத்தான் இத்தனை நாளா கதை சொல்லிட்டிருந்தார்.”

கண்டக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சம்மதமா?” என்று முறைப்படி கேட்டார். கண்ணாடிக்காரர் தலையாட்டினார்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் சலவைக் கடைக்குப் போனார். ஈரத் துணிக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. கண்ணாடி கனம்தான், ஆனால் அது கையில் அடங்கி நிற்கும்; இது இடுப்பில் வழிந்து, தொடையில் சொட்டி, நடைக்கு நடை ஒரு பக்கம் சாய்ந்தது. படிக்கட்டுச் சந்தில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. தங்கச்சி இன்னொரு கூடையோடு முன்னால் ஏறிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, மேலே போய் நின்று, இவர் வருகிற சத்தம் கேட்ட பிறகு நடந்தாள். புதுத் தெருவில் வாசல்தோறும் ஆட்கள். இத்தனை வருஷம் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தவர், சொட்டச் சொட்டக் கூடையோடு போவதை எல்லாரும் பார்த்தார்கள்.

மைதானத்தில் விரிப்புகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது பழவண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். புதுத் தெருக்காரர், ஒருமுறை பெஞ்சுக்கு வந்தவர், அந்தக் கதையையும் கேட்டவர்.

“என்ன கண்ணாடிக்காரரே, பெஞ்சை இங்க கொண்டுவந்துட்டீங்களா?”

எப்போதும் போல ஏதாவது பட்டும்படாமல் சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்காரர் விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு அவரைப் பார்த்துத் திரும்பினார்.

“இல்லீங்க. உங்ககிட்ட ஒரு கதை சொன்னேனே, தங்கச்சி விட்டுக்கொடுத்தான்னு. அது தப்பு. அன்னைக்கு நியாயம் இவ பக்கம்தான் இருந்துது. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல. உங்க தெருவுல நாலு பேர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

பழவண்டிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அது எங்களுக்கு அப்பவே தெரியுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

கண்ணாடிக்காரர் அப்படியே நின்றார்.  தங்கச்சி அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள், கொடியில் போட்டு ஓரம் இழுத்துவிட்டாள், கூடையின் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு அண்ணி என்ன சமைக்கிறாங்க?” என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை.  தெரியாது என்பது போல் தலையை அசைத்தார்.

“கேட்டுச் சொல்லு. எதுவா இருந்தாலும் எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லு” என்றாள் அவள்.